மைக்கில் ரெஜிலா

தோழி லேகா மேடையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போதும் ரெஜிலா நாற்காலி நுனிக்கு வந்தாள். வேறு யாராவது எழுந்து போனால் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே, இன்னும் எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருப்பது என்று எரிச்சலும் வந்தது. முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள், திரும்பவும் சுருட்டினாள்.

தமிழக எல்லையை ஒட்டிய கொல்லயிலில் பெண்கள் சங்கம் நடத்துகிற கஃபே அது. முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிய கோடவுன். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஓப்பன் மைக். தமிழோ மலையாளமோ, யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம், பேசலாம், புலம்பலாம்.

ரெஜிலா பாட வரவில்லை. தன் கல்யாணத்தை அண்ணன் யோசுவாவிடம் சொல்ல வந்திருந்தாள்.

வீட்டில் சொல்லித் தொலைக்கலாமே என்று கேட்கலாம். யோசுவாவைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். சபைக் கமிட்டிக்காரரான அவருக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் கோபமே வராது. வந்தாலாவது சண்டை போடலாம். "நாம ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிடுவார். வீடே கண்ணை மூடும். ஆமென் சொல்லிவிட்டால் அப்புறம் மறுபேச்சு கிடையாது. அது அந்த வீட்டின் சட்டம். போன வாரம் தோசை சுட்டுக்கொண்டே ரெஜிலா பேச்சை எடுத்தாள். தோசை கருகும்வரை ஜெபித்தார். புருஷன் இறந்தபின் அவளுக்குச் சோறும் நிழலும் கொடுத்தவர் அவர். எதிர்த்துக் கத்தவும் அவளுக்கு மனசு வரவில்லை.

"மைக்குல நின்னு சொல்லு மக்கா. அங்க ஒன்ன யாரு ஜெபிச்சு நிறுத்துவா?" என்று யோசனை சொன்னது லேகாதான்.

ஆனால் பாடப் போகிறேன் என்று சொல்லி அவள் கூப்பிட்ட யோசுவா, தனியாக வராமல் சபைப் பாடகர் குழுவையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கீர்த்தனை என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்க, பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ரெஜிலாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஸ்ரீஜித் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவன். நாற்பது தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்று திரிந்து, கடைசியில் இவளிடம் மாட்டிக்கொண்டவன். சபைக்காரனும் இல்லை, சாதிக்காரனும் இல்லை.

"சொல்லியாச்சா?"

"இல்ல."

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் எங்க ஓமனா அக்கா ஒன்னப் பெண்ணு கேக்க வாறா. ஒன் அண்ணன் ஒண்ணும் தெரியாம முழிச்சா எங்க அக்காவுக்குல்லா மானக்கேடு!"

"எனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் போ, அண்ணன் பாக்காரு."

அவன் வாசலுக்குப் போய் ஆட்டோச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். மேடையில் ஒருவர் நெய்யாற்றைப் பற்றி மலையாளத்தில் கவிதை படித்தார். எத்தனை வரி போனாலும் ஆறு கள்ளிக்காட்டு அணையைத் தாண்டுவதாகவே இல்லை. ரெஜிலா பாலில்லாத கட்டன் சாயா வாங்கி ஒரு வாய் குடித்து அப்படியே வைத்துவிட்டாள்.

"அடுத்தது ரெஜிலா!"

மேடை ஏறியதும் மனப்பாடம் செய்த முதல் வரி போன இடம் தெரியவில்லை. கை முந்தானைக்குப் போனது. அதைச் சுருட்டாமலிருக்க இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டாள். ஒரு நிமிடம் தைரியம் வரட்டும் என்று கண்ணை மூடினாள்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். முன்வரிசை முழுக்க எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடி நின்றது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் மரியாதைக்கு எழுந்துவிட்டார்கள். வாசலில் ஸ்ரீஜித்தும் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலை குனிந்திருந்தான். கண்ணை மூடிக் கை சேர்த்தால் ஜெபம்தானே, இந்த ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? லேகா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, "ம், சொல்லு" என்று கையை ஆட்டினாள்.

ஒரு கண்ணும் தன்னைப் பார்க்கவில்லை என்றதும் ரெஜிலாவுக்குக் குரல் வந்தது.

"ஆண்டவரே, ஆட்டோ ஓட்டுத ஸ்ரீஜித்த நான் கெட்டப் போறேன். நாளைக்கு அவருக்க அக்கா எங்க வீட்டுக்கு வருவாவு. எங்க அண்ணன் அவியள உக்காரச் சொல்லணும், சாயா குடுக்கணும். அண்ணன் என்ன நல்லாத்தான் பாக்காரு, ஒரு கொறையும் இல்ல. ஆனா எனக்கு இனி ஒத்தைக்கு இருக்க வய்யா ஆண்டவரே. இது உள்ளதாக்கும்."

யோசுவாவின் தாடை ஆடியது. ஆனால் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கிற ஆள் இல்லை அவர். இதுவும் ரெஜிலாவுக்குத் தெரியும். ஜெபத்தை எப்படி முடித்தால் கூட்டத்துக்கு வாய் தானாகத் திறக்கும் என்பதும் தெரியும்.

"இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

"ஆமென்!" என்றது கூட்டம். பாடகர் குழு ராகத்தோடு சொன்னது. பழக்கதோஷம், எல்லோருக்கும் முந்திக்கொண்டு வந்தது யோசுவாவின் ஆமென்தான்.

அப்புறம்தான் கண்கள் திறந்தன. பாடகர் குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. யோசுவாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் கையைத் தூக்கினார்.

"நாம ஜெபி..."

"ஜெபிச்சாச்சு அண்ணே" என்றாள் ரெஜிலா மைக்கில்.

தூக்கிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மெல்ல உட்கார்ந்து, அதே கையால் மரச்சீனித் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"நாளைக்கு எத்தன பேரு வாறாவு?" என்றார் கடைசியில்.