ஏழின் இடுப்பில் ஒரு கோடு

சட்டையைத் தோய்க்கப் போடுமுன் பையைத் துழாவுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அகப்பட்ட துண்டுச் சீட்டில் பத்து இலக்கங்களைப் பார்த்ததும் அது போன் நம்பர்தான் என்று அடித்துச் சொல்ல, இருபது வருடம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் உட்கார்ந்திருந்தாள்.

3816547290. முதல் ஆறும் கணவரின் கோழிக் கிறுக்கல். கடைசி நான்கும் வேறு கை. அச்சு மாதிரி எழுத்து, ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. பாதியை இவர் எழுத, மீதியை எவளோ எழுதிக் கொடுத்திருக்கிறாள். என்ன கொஞ்சல் பாருங்கள்!

ஆஸ்பத்திரி போனிலிருந்தே போட்டுப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அதற்குள் நம்பரை மாற்றிவிட்டாளா கைகாரி?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மனிதர் பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் வேலை. வீடு திரும்பினால் ஊமைச் சாமியார்தான். அப்படிப்பட்டவர் இப்போது சவரம் செய்யும்போது பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சீட்டை வைத்தாள்.

"யாரு நம்பர் இது?"

அவர் திருதிருவென்று விழிக்கவில்லை. முகம் மலர்ந்தார்.

"நம்பர்தான். போன் நம்பர் இல்ல. சைபர்லேருந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் ஒரு தடவை வந்திருக்கு பாரு. முதல் ரெண்டு இலக்கம் 38, ரெண்டால வகுபடும். முதல் மூணு 381, மூணால வகுபடும். 3816 நாலால. இப்படியே பத்து வரைக்கும் மீதியே இல்லாம போகும். இந்த மாதிரி வேற எண்ணே கிடையாது."

வட்டத்தைப் பல் பல்லாகப் பிரித்தே வயிறு வளர்ப்பவருக்கு எதைக் கண்டாலும் வகுக்கத்தானே தோன்றும்! அவள் பென்சிலை எடுத்தாள். 38165, ஐந்தால் போனது. 381654, ஆறால் போனது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சிரிப்புகூட வந்தது. வராத போனுக்கு இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாளே!

அடுத்தது ஏழு. பென்சில் அந்தக் கோட்டில் நின்றது.

"இது யாரு எழுதுனது?"

"டிராயிங் செக்ஷன்ல ஒரு மேடம் இருக்காங்க, அவங்கதான். எத்தனையோ வரிசை எனக்கு ஏழால வகுக்கறப்போ முட்டிக்கிட்டு நின்னுச்சு. இதைப் பாதியில வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சிருந்தாங்க. தினமும் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் இதைத்தான் போட்டுப் பார்ப்போம். வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. அதுதான் இன்னும் வலித்தது. வேறு ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

அவள் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, 3816547-ஐ ஏழால் வகுக்கத் தொடங்கினாள். அவர் உதவ வாயெடுத்தார்.

"சும்மா இருங்க," என்றாள். "நானே போட்டுக்கிறேன்."