இருமுறை தட்டவும்

...பேசுகிறதே, யார் பேசுவது, அவர் குளித்துக்கொண்டிருக்கிறார், வீட்டில் வேறு யாருமில்லை, மணியடித்த அவருடைய போனை ஈரக் கையோடு எடுத்தேன், அவ்வளவுதான், "வீணா மேடம் அழைக்கிறார்" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல், பச்சைப் பொத்தானைத் தொட்டால் "பதிலளி, செயல்படுத்த இருமுறை தட்டவும்" என்கிறது, திரையில் ஒவ்வொரு எழுத்தும் கத்திரிக்காய் அளவு... மணி ஓய்ந்துவிட்டது. நான்தான் கெடுத்துவிட்டேனா, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்குப் போன் இல்லாமல் எப்படி, ஏழு பத்துக்கு முதல் பிள்ளையை ஏற்ற வேண்டுமே. "இன்னாங்க, உங்க போனு தானா பேசுது!" என்று குளியலறைக் கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. "அத்த தொடாத கோமளம். அங்கியே வை." அதட்டல் இல்லை, பயம்... போனைத் தொட்டால் இவருக்கு எதற்குப் பயம்? முருகா மன்னித்துக்கொள், வேறொருத்தியோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறேன்... நான் பெருக்கித் துடைக்கும் ஆபீஸில், இரண்டாம் மாடி சுனிதாவின் போன். பிறவியிலேயே பார்வையில்லாத பெண், விரல் பட்டதையெல்லாம் போன் படித்துச் சொல்லும். "எனக்கு கண்ணே இதான்க்கா, செட்டிங்ஸ்ல போட்டுட்டா போதும், ஒரு தட்டு தட்டுனா சொல்லும், ரெண்டு தட்டுனா செய்யும்" என்று சிரிப்பாள். சுனிதாவுக்குச் சரி. இவருக்கு எதற்கு? இல்லை, இருக்காது, பத்து வருஷமாக ஓட்டுகிறார், வேனில் ஒரு கீறல் கிடையாது... போன வாரம் பின்பக்கம் நசுங்கியிருந்ததே, எவனோ இடித்துவிட்டான் என்றாரே. சுகர் கண்ணைத் தின்னும் என்று டாக்டர் சொன்னாரே. என்னோடு பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறாரே, கோபம் என்றல்லவா இருந்தேன், ஓரக்கண்ணில்தான் கொஞ்சம் தெரிகிறதா? ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஏறும்போது தன் பேரைச் சொல்லித்தான் குட் மார்னிங் சொல்ல வேண்டும் என்று வழக்கம் வைத்தாரே, என்ன பாசம் என்று தாய்மார்கள் மெச்சினார்களே, நான் அதற்காக ஒரு விளக்கு கூட ஏற்றினேனே... முகம் தெரியாமலா பேர் கேட்டார்? பதினொரு பிள்ளைகள். ஜீவனஹள்ளி முனையில் தோண்டிப்போட்ட பள்ளம். அதைத் தாண்டி ரயில்வே பாலம். என் கை தானாகப் போய் ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டது.

வந்துவிட்டார், தலை துவட்டியபடி, எதுவுமே நடக்காததுபோல. "போன்ல யாரு?" வீணா மேடம் என்றேன். "அவங்க பாப்பா பார்கவி இன்னிக்கு லீவோ இன்னாவோ. போனு ரிப்பேரு, கடையில காட்டணும்." கை நேராக ஆணிக்குப் போனது, தடவியது, சுவரைத் தடவியது. "சாவிய எங்கம்மே வெச்சே? டைம் ஆவுதில்ல?" நான் அவருக்கு நேரெதிரே, ஒரு முழ தூரத்தில், உள்ளங்கையில் சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் முகம் என்னையே பார்க்கிறது. கை சுவரில் அலைகிறது.

அந்த ஆணியை அடித்தது யார்? நான்தான். இவர் கைக்கு எட்டும் உயரத்தில், இவர் கேட்காமலே. தட்டில் பொரியல் எப்போதும் வலப்பக்கம், தண்ணீர்ச் சொம்பு இடப்பக்கம், செருப்பு வாசலுக்கு நேரே... எப்போதிலிருந்து இப்படி வைக்கிறேன்? யாருக்கும் தெரியாமல் செய்கிற சின்ன உதவிதான் சாமிக்குப் பிடித்த பூஜை என்று நம்பினவள் நான். என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லையா, இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அத்தனை உதவியா?

"வீணா மேடம் அழைக்கிறார்." மேஜைமேல் மறுபடியும் அந்தக் குரல். அவர் கை சுவரில் அப்படியே நின்றுவிட்டது. "கோமளம்..." என்றார், கெஞ்சுகிற குரலில், இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதேயில்லை. சாவியோடு உள்ளங்கையை மூடிக்கொண்டேன், இன்னொரு கை போனுக்குப் போகிறது... "பதிலளி, செயல்படுத்த இருமுறை தட்டவும்."

ஒருமுறை தட்டிவிட்டேன்.