ராமாமணி அவிழ்க்காத புதிர்

அரங்கசாமி பம்ப் கம்பெனியில் டிராயிங் போட்டு ரிட்டையர் ஆனவர் என்பது பீளமேட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் செஸ் புதிர் கட்டுகிறவர் என்பது ஹங்கேரியில் நாலு பேருக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் தெரியாது. மனுசன் யாரோடும் ஆடுவதில்லை. பலகையில் காய்களை நிறுத்திவிட்டு, வெள்ளை இரண்டே நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும் என்பார். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும். பாய வேண்டிய ராணியை ஓரமாகப் போய் நிற்கச் சொல்வது மாதிரி, புத்தியுள்ள எவனும் நினைக்காத வழியாக அது இருக்கும்.

வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகுமுன் எந்தப் புதிரையும் அவர் மனைவி ராமாமணி பார்த்தாக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பலகை இருக்கும். அடுப்புக்கும் மேஜைக்கும் நடந்தபடியே பார்ப்பாள். சட்டென்று அவிழ்த்துவிட்டால் அந்தப் புதிர் குப்பைக்கு. திணறினால் தபாலுக்கு. அவள் திணறித் திணறி, அந்த வீட்டில் அடிபிடிக்காத வாணலி ஒன்றுகூட மிச்சமில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியவர் வெகுநாள் பலகையைத் தொடவில்லை. பிறகு மெல்ல ஒரு புதிர் கட்டினார். ராமாமணி கன்னத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "தெரியலீங்களே" என்றாள். அடுத்ததும் தெரியவில்லை, அதற்கடுத்ததும் தெரியவில்லை. அரங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வயதில் வித்தை இப்படிக் கைகூடியதே என்று எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவைத்தார்.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து மெயில் வந்தது. மரியாதையான மனிதர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இவை பள்ளிப் பிள்ளைகள் பார்த்ததும் அவிழ்க்கக்கூடியவை, உங்களுடைய பழைய மாதிரிப் புதிர்களுக்காகக் காத்திருக்கிறோம்.

அரங்கசாமிக்குப் புதிரைப் பற்றிய கவலை வரவில்லை. பிள்ளைகள் அவிழ்க்கும் புதிர் ராமாமணிக்குத் தெரியவில்லையா? அன்றிலிருந்து அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாள். பேரனை மகன் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். போதாதா? பிரஷர் பார்க்க என்று பொய் சொல்லி மூளை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். "அம்மா தெளிவா இருக்காங்க, உங்க கவலையை விடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் ராமாமணி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சுன்னு நெனைச்சீங்களா?"

"உன்னால ஒரு புதிர்கூட அவுக்க முடியலியே அம்மணி. நான் பயந்துபோயிட்டேன்."

அவள் அவிநாசி ரோட்டு நெரிசலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எல்லாம் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. ஆபரேஷன் முடிஞ்சு வந்து செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. சோறு எறங்கலை. மொதப் புதிருக்குத் தெரியலைன்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்குத்தான் ரெண்டு இட்லி சேத்துத் தின்னீங்க. அப்புறம் எப்படிங்க நிறுத்தறது?"

மங்கியது அவள் புத்தியல்ல, தன்னுடையது. அரங்கசாமிக்கு அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது. இத்தனை மாதமாக வீட்டில் ஒரு பொரியல்கூடக் கருகவில்லை, அதையெல்லாம் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஏமாந்திருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பலகையை எடுத்தார்.

"இனி எரக்கம் காட்டாதே" என்றார்.

"காட்டலீங்க. நீங்களும் மொகத்தைத் தூக்கக் கூடாது."

அவள் சொன்ன சொல் தவறவில்லை. கொத்தமல்லி ஆய்ந்தபடியே ஒற்றை விரலால் காயைத் தள்ளி, "முடிஞ்சுதுங்க" என்பாள். அரங்கசாமி காய்களைக் கலைப்பார். கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். மழைக்காலம் முழுக்க இதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்றை வைத்தார். ராமாமணி நின்றபடி பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியலீங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவது? அன்றும் இதே முகம்தான், இதே குரல்தான். மறுபடியும் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தார். காய்களைக் கலைக்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க அக்கட்டால!" என்று சீறினாள். பார்வை பலகையை விட்டு நகரவில்லை. "அந்த யானையை நவுத்துனா... இல்ல, மந்திரி மறிச்சுப்போடும்."

சமையலறையிலிருந்து தீய்ந்த வாசம் வந்தது. ராமாமணிக்கு அது எட்டவே இல்லை.

அரங்கசாமி சத்தமில்லாமல் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அரசாணிக்காய்ப் பொரியல் வாணலியோடு ஒட்டிக் கருகிக் கிடந்தது. சுரண்டித் தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு துண்டு விடாமல் தின்றார்.