வள்ளல் கொடுத்த வாஷிங் மெஷின்

அவருக்கு வள்ளல் என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். பாராட்டி வைத்தார் என்று நினைத்தால், அந்த அம்மாளின் பேச்சை நீங்கள் கேட்டதில்லை என்று அர்த்தம்.

வீட்டு மின்சாதனங்கள் விற்கும் கடை அவருடையது. யாரோ பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கிப்போனதில் ஒரு வாஷிங் மெஷின் குடோனில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. பழைய இரும்பு எடுக்கிறவர்கூட அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அந்த நேரத்தில்தான், கணவனுக்கு வேலை போனதால், வள்ளலின் தங்கை சலூன்களுக்குத் துண்டு துவைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். கையால் துவைத்துத் துவைத்துத் தோள் வலியில் அவள் முனகியதைக் கேட்டதும் அண்ணனின் மனம் இளகிவிட்டது. மெஷினைச் சரிசெய்து, வண்டியில் ஏற்றி, தானே கூடப் போய் இறக்கிவைத்தார். அந்த ஒரு நாள் அவர் மனசு சுத்தம். இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

வம்பு மறுநாள் ஆரம்பித்தது. மெஷினைப் பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணைக்கூட யாரும் இப்படிப் போய்ப் பார்க்க மாட்டார்கள். வந்ததும் மூடியைத் திறப்பார், உள்ளே கையை விட்டுத் தடவுவார், ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடிப்பார்.

"கண்டவன் தலைமுடியெல்லாம் என் மெஷின்லயா?"

"சலூன் துண்டுல முடி இல்லாம வேற என்ன அண்ணா இருக்கும்?" என்பாள் தங்கை.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல ஓட்டாத. அதுக்கும் உசுரு இருக்குல்ல?"

தங்கைக்கும் ஒன்று இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

கூடவே ஆள் வேறு கூட்டிவருவார். மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், வழியில் மாட்டியவர் என்று யாராவது ஒருவர். "இது நான் குடுத்தது" என்று மெஷினைத் தட்டிக் காட்டுவார். தங்கை ஈரக் கையோடு ஓரமாக நிற்பாள். வந்தவர் மெஷினைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று தலையை ஆட்டுவார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு நல்ல காலம் எட்டிப்பார்த்தது. பக்கத்துத் தெரு ஜிம்காரர், ஒரு வாரம் துண்டுகளைக் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். சரிப்பட்டால் வேலை நிரந்தரம், வீட்டு வாடகை அதிலேயே வந்துவிடும். கடைசி நாள், மெஷினை ஓடவிட்டு, சலூன் துண்டுகளைக் கொடுக்க அவள் வெளியே போன நேரத்தில் வள்ளல் வந்தார். சாவி இருக்குமிடம் அவருக்கு அத்துப்படி. மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாவம், மூச்சு வாங்குது" என்று ஸ்விட்சை அணைத்துவிட்டு, பெரிய புண்ணியம் செய்த நிம்மதியோடு போய்விட்டார்.

அவள் திரும்பிவரச் சாயங்காலம் ஆகிவிட்டது. சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த ஜிம் துண்டுகள் நாறின. எடுத்துப்போக வந்த ஜிம்காரர் ஒன்றை முகர்ந்து பார்த்தார். "பரவால்லம்மா, நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று கிளம்பிவிட்டார்.

"ஜிம் துண்டெல்லாம் நாறிப்போச்சு. மெஷின நிறுத்தினது நீயா?" என்று போனில் கேட்டாள் தங்கை.

"காப்பாத்தினேன்னு சொல்லு."

அவள் பேசாமல் வைத்துவிட்டாள். நன்றியில் தங்கைக்கு நாக்கு எழவில்லை என்று எடுத்துக்கொண்டார் வள்ளல்.

அதன்பின் சில நாள் கடையில் வேலை சரியாக இருந்தது. ஒழிந்ததும் பல் டாக்டரை மறுபடி இழுத்துக்கொண்டு வந்தார். வள்ளல் வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷின் இருந்த இடத்தில் பளபளவென்று வேறொன்று நின்றது. தவணையில் வாங்கியதாம். அதுவும் அவர் கடைக்கு எதிர்க்கடையில்!

"எங்க என் மெஷின்?"

"மாடிக்குப் புதுசா வந்திருக்கிற பொண்ணுக்குக் குடுத்துட்டேன். ரெட்டைக் குழந்தை, துவைச்சு மாளல அவளுக்கு."

"நான் குடுத்தத நீ எப்படிக் குடுக்கலாம்?"

"நீ குடுத்துட்டியா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு அண்ணா."

பல் டாக்டர் கூரையை ஆராய ஆரம்பித்தார். வள்ளல் விறுவிறுவென்று மாடி ஏறினார்.

கதவைத் திறந்தவள் இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. உள்ளே மெஷின் முழுக்கப் பொம்மை ஸ்டிக்கர். மூடியின் மேல் பால் புட்டிகள்.

"மெஷின் பாக்க வந்தீங்களா?" என்றாள் அவள். "சத்தம் ஒரு மாதிரி வருதுங்க."

அது காதில் விழுந்ததும் வள்ளலின் கை தானாகப் போனது. பெல்ட் தளர்ந்திருந்தது. பின்பக்க மூடியைக் கழற்றி இறுக்கிவிட்டார்.

"எவ்வளவுங்க?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

"அப்ப கீழ் வீட்டு அக்காதான் அனுப்பிருக்காங்க! அவங்களே தவணை கட்டறாங்க. வித்திருந்தா ஒரு தவணையாவது கழிஞ்சிருக்கும், சும்மா தூக்கிக் குடுத்துட்டாங்க. வந்து பாருங்கக்கான்னு நானே கூப்பிட்டேன். 'உன் மெஷின நான் எதுக்கு வந்து பாக்கணும்'னு கேக்கறாங்க!"

'இது நான் குடுத்தது' என்று மெஷினைத் தட்டத் தூக்கிய கையை வள்ளல் இறக்கிக்கொண்டார். அந்த ஜிம் துண்டுகள் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கடையில் முதல் வாடிக்கையாளர் வந்து உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். பழக்கம் சும்மா விடுமா?

"என் தங்கச்சி இருக்கா பாருங்க, தன் கஷ்டத்துலயும் ஒரு வாஷிங் மெஷினையே தூக்கிக் குடுத்துட்டா!"

கல்லாவில் இருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! யாரோட மெஷின் சார்?" என்று கேட்டார் வந்தவர்.

வள்ளல் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அவளோடதுதான்."