நாற்பத்தெட்டு நிமிடம்

சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சுகன்யா சென்றாயனை மறுபடியும் கார்டு இடத்திலேயே நிறுத்தினாள். ஆறடி பதினோரு அங்குலம். அந்த உயரத்துக்குக் கூடைக்கு அடியில் சென்டராக நிற்க வேண்டியவன். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் குள்ளர்களின் இடத்தில் அவனை அவள் நிறுத்த ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. ஏழு ஆட்டமும் தோல்வி.

போனில் ஆடும் கூடைப்பந்து அது. ஆடுவதுகூட இல்லை, அணியை நடத்துவது. யார் எங்கே நிற்பது என்று முடிவுசெய்யலாம், வாரத்துக்கு ஒரு திறமையைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கலாம். மிச்சத்தை அதுவே ஆடிக்கொள்ளும். ஆனால் ஒரு விதி இருந்தது. எந்தத் திறமை ஏற வேண்டுமோ அதற்குரிய இடத்தில் ஆட்டக்காரன் நாற்பத்தெட்டு நிமிடமும் நிற்க வேண்டும். நாற்பத்தேழு நின்றாலும் அரைகுறைதான். இன்னொன்றையும் அவள் நோட்டில் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். பதினெட்டு வயதில் சட்டென்று ஏறும். பத்தொன்பதில் மெதுவாகும். இருபத்தைந்துக்கு மேல் என்ன செய்தாலும் அசையாது. சங்ககிரிக்குத் தாலியோடு வந்தபோது தனக்கு என்ன வயது என்பதை அவள் அந்த நோட்டில் எழுதவில்லை. இந்த ஆட்டத்தோடு லீக்கின் பருவம் முடிகிறது; முடிந்ததும் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு வயது கூடும். நாளை சென்றாயனுக்குப் பத்தொன்பது.

அணி அவள் கணவன் நாச்சிமுத்து ஆரம்பித்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போனால் பத்து மாதம். போர் போடும் காடுகளில் நெட் கிடைக்காமல், போன வருடம் இவளிடம் ஒப்படைத்திருந்தான். பக்கத்து டவுனில் தங்கியிருக்கும் அதே வண்டியின் மேனேஜர் நவநீதகிருஷ்ணனுக்கும் இதே லீக்கில் ஓர் அணி உண்டு. இன்று ஐந்து மணிக்கு ஆட்டம் அவனோடுதான். தோற்றால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும்.

நாலு மணிக்கு நாச்சிமுத்து கூப்பிட்டான். பின்னால் கம்ப்ரசர் இரைந்தது.

"ஏம்புள்ள, இன்னிக்கு ஒரு நாளு அவன சென்டர்ல போடு."

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"நவநீதன் காலைல இருந்து சிரிக்கறான். உன்ற ஊட்டுக்காரி ஒட்டகத்தக் கொண்டாந்து பந்து உருட்டறாளாமாங்கறான்."

"சிரிக்கட்டுங்க. ரெண்டு வருசங்கழிச்சு அந்த ஒட்டகத்த அவரு எப்புடித் தடுக்கறாருன்னு பாக்கலாம்."

"தோத்தா கீழ போயிருவோம் புள்ள."

"போலாங்க. இன்னும் ஒரு ஆட்டம் நின்னான்னா பாஸ் குடுக்கறது ஏறீரும். இன்னிக்கு உட்டா அவனுக்கு அப்பறம் லேசுல வராது."

கம்ப்ரசர் மட்டும் பேசியது. அவர்களுடைய கல்யாணத்தில் பாதி இப்படிப் போனுக்குள் கேட்ட கம்ப்ரசர்தான்.

"ஏனுங்க," என்றாள் சுகன்யா. "நீங்க மொதல்ல டிரில்லருக்கு நின்னப்ப நானூறு அடில ராடு சிக்க வெச்சீங்கல்ல. மூணு நாளு வண்டி நின்னுச்சு. ஓனரு உங்கள எறக்கியா உட்டாரு?"

"அது பொழப்பு. இது வெளையாட்டு."

"வெளையாட்டுக்கு எதுக்குங்க இத்தன கோவம்?"

"அது என்ற டீமு. ரோட்டு மேல டீக்கடைல நெட்டு எடுக்கும். நானே போயி மாத்திக்கறேன்."

வைத்துவிட்டான். டீக்கடைக்கு மூன்று கிலோமீட்டர் என்று முன்பே சொல்லியிருக்கிறான். அவள் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். பழையது அவன் முதன்முதலில் ஓட்டிய வண்டியின் நம்பர். அதை ஒரு முறை அடிக்கச் சொன்னது, அடித்தாள். புதியதை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் அடித்தாள்.

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வரி வரியாக வந்தது. சென்றாயன் பந்தை இழந்தான். சென்றாயன் மறுபடியும் இழந்தான். பன்னிரண்டுக்கு மூன்று. போன் அடித்தது. அவன் பெயர் திரை முழுவதையும் மறைத்தது. அவள் துண்டிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. அதுவாக ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி ஆட்டம் முடிந்தபோது இருபத்தாறு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஆனால் சென்றாயன் களத்தில் இருந்தான். ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை.

நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் அவனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஆறு விழுந்தால் வெளியேற்றிவிடுவார்கள். ஏழு வாரமும் அதோடு போகும். அவள் கால்களை மடக்கிக்கொண்டு போனைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"நில்லு சாமி," என்றாள். "தோத்துக்கிட்டே நில்லு."

நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. மின்சாரம் போய்ப் பக்கத்துத் தறி சட்டென்று நின்றது. அந்த அமைதிக்குள் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. திரையில் நாச்சிமுத்துவின் பெயர். அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஓர் ஒட்டகம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது.