மூன்று கோழிகள் யாருடையவை

காலையில் கூட்டைத் திறந்தபோது தீவனத் தட்டின் பக்கத்தில் இரண்டு கோழிகள் விறைத்துக் கிடந்தன. இன்னொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்றது. அதன் கொண்டை நீலம் பாரித்திருந்தது. தையல்காரி எதையும் தொடாமல் கதவைச் சாத்தினாள். பின்னாலேயே வந்த பூனையை வீட்டுக்குள் விரட்டி அடைத்தாள். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள்.

கூட்டில் இருந்தவை ஒன்பது. ஆறுதான் அவளுடையவை. மற்ற மூன்றும் பக்கத்து வீட்டில் இருக்கும் இளைய ஓரகத்தியின் கோழிகள். இளையவளுக்கு முட்டைப் பண்ணையில் வேலை. அங்கே இருபதாயிரம் கோழிகள். வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஒரு குஞ்சுகூட வளர்க்கக் கூடாது, வெளி நோய் உள்ளே வந்துவிடும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட அன்றே இளையவள் தன் மூன்றையும் இங்கே கொண்டுவந்து விட்டாள். "என் வீட்டுல இல்லையேக்கா, பொய்யா சொன்னேன்?" என்று சிரித்தாள். இவளும் கூடச் சிரித்தாள். ஆனால் தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து தீவனம் போடுகிறவள் இளையவள்தான்.

சுவரோரம் செருப்புச் சத்தம் கேட்டது.

"அங்கேயே நில்லு. கூட்டுப் பக்கம் வராதே."

"ஏன்க்கா, புலி வளர்க்கிறியா?"

"ரெண்டு செத்துப்போச்சு. ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கு."

இளையவளின் முகம் சுருங்கியது. "வெயிலா இருக்கும்."

"வெயில்ல கொண்டை நீலமாகுமா? பறவைக் காய்ச்சலாத்தான் இருக்கும். போன வாரம் காட்டு வாத்துங்க வந்து இந்தத் தொட்டியிலதான் தண்ணி குடிச்சுது. அழகா இருக்கேன்னு நானும் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"புதைச்சிடலாம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? நேத்து இதுங்களுக்குத் தீவனம் போட்டுட்டு நேரா எங்க போனே?"

"பண்ணையில வாசல்லயே செருப்பை மாத்திடுவோம். மருந்துத் தண்ணியில காலை முக்கித்தான் உள்ள விடுவாங்க."

"கட்டியிருந்த துணியை?"

இளையவள் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள்.

"கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லப்போறேன். யார் யார் கூட்டுக்குள்ள போனீங்கன்னு கேப்பாங்க."

"ஒன்பதும் உன்னுதுன்னு சொல்லிடு. நான் வரவே இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. எனக்கு வேலை போனா அவரு மருந்துக்கு என்ன பண்ணுவேன்?"

அந்த ஒரு வார்த்தை தையல்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. கொழுந்தன் படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இளையவள் ஒருத்தி சம்பளத்தில்தான். சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

"சொல்றேன்னே வை. நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட என்னடி சொல்லுவே? மழையில நனைஞ்சேன்னா? அவரைத் தூக்கி உட்கார வைக்கிறதும் நீதானே?"

தெருமுனையில் பண்ணை வண்டி ஹாரன் அடித்தது. இளையவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை. மறுபடி அடித்தது.

"மேனேஜர் விரட்டிடுவாருக்கா."

"விரட்டினாலும் விரட்டுவாரு. அன்னிக்கு நானும்தான் உன்கூடச் சிரிச்சேன். அதையும் சேர்த்துச் சொல்றேன், வா."

"நீ சொல்ல வேணாம். அடுத்தவங்க வாயால போனா அது கோள் மாதிரி ஆயிடும்." இளையவள் சுவரோரக் கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தாள். "சார், வண்டியைப் போகச் சொல்லுங்க. நான் வரலை... காய்ச்சல்லாம் இல்ல சார். கோழி வளர்க்கிறேன். மூணு... ஆமா, கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறமும்தான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தையல்காரிக்குக் கேட்கவில்லை. இளையவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி தள்ளி நின்றபடியே கால்நடை ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.