கடல் மேலே ஏறிய படம்

மூத்த மகளுக்குக் கொடுத்த வீட்டோடு ஒட்டியே இளையவளுக்கும் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஸைனுலாப்தீனின் ஆசை. ஆனால் புது வடிகான் வெட்டியபின், மாரித் தண்ணீர் கல்முனையில் எந்த வீட்டு வளவில் தேங்கும் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"தண்ணி நிக்கிற எடத்தில புள்ளைக்கு ஊடு கட்டேலா. இந்த வளவு பள்ளமெண்டா, தூரத்தில கிடக்கிற வரிப்பத்தான்சேனைக் காணியிலதான் கட்டுவன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

தங்கை ஜுனைதா பக்கத்தில் இல்லாவிட்டால் மூத்தவள் கமீலாவுக்குச் சோறு இறங்காது.

பல்கலைக்கழகக் கெம்பஸிலிருந்து கமீலா ஒரு வரைபட மென்பொருள் கொண்டுவந்திருந்தாள். காசு கேட்காதது, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் துருசிலிருந்து கடற்கரை வரை வாய்க்கால் வேலை பார்க்கும் கணவன் ஜவுபர் மட்டம் பிடித்த அளவுகளை அதில் ஏற்றினாள். மேடு வெள்ளை, பள்ளம் கறுப்பு. அவர்கள் வளவு கன்னங்கரேலென்று கிடந்தது.

"அள்ளாஹ்! என்ட ஊடு குளமா ராத்தா?" அக்காவிடம் கேட்ட ஜுனைதாவின் கண் நிறைந்துவிட்டது.

வாப்பா ஸைனுலாப்தீன் சால்வையை உதறித் தோளில் போட்டார். "லொறிக்காரனுக்குச் சொல்றன். கல்லை வரிப்பத்தான்சேனைக்குக் கொண்டுபோய்ப் பறிக்கட்டும்."

"கொஞ்சம் பொறுங்க வாப்பா." கமீலாவின் கண், திரையின் வலது ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்த கடலில் நின்றது. "மச்சான், இஞ்ச வாங்க. கடல் ஏன் மலையில ஏறி நிக்கிது?"

"உங்கட பெட்டிக்குப் பைத்தியம்" என்றான் ஜவுபர், கணினியைக் காட்டி.

"பெட்டிக்கில்ல. நீங்க எப்படி அளந்த?"

"எல்லாரும் அளக்கிற மாதிரித்தான். துருசுப் படி பூச்சியம். அங்கரிந்து எத்தின அடி பள்ளமெண்டு எழுதின."

"பள்ளத்தையா எழுதின?"

"வேறென்ன? தண்ணி எவ்வளவு இறங்கும் எண்டுதானே வயல்காரன் கேப்பான்!"

கமீலா வாயைப் பொத்திச் சிரித்தாள். ஜவுபர் எழுதிய ஆழத்தையெல்லாம் இவள் உயரமென்று ஏற்றியிருக்கிறாள். "நானும் கேக்காம உட்டுட்டன்" என்றபடி, எல்லா எண்களுக்கும் முன்னால் கழித்தல் குறி வரும்படி ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தாள். கடல் கறுத்துக் கீழே போனது. வளவு வெள்ளை வெளேரென்று எழும்பியது.

"பாருங்க வாப்பா, கடல் கீழ போயிட்டு!"

"கடல் கீழ கிடக்கெண்டு எனக்குச் சொல்ல ஒரு பெட்டி வேணுமாகா?" என்றார் வாப்பா. ஆனாலும் குனிந்து, வெள்ளையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போய், "கல்லை இஞ்சயே பறிக்கச் சொல்லுங்க!" என்று சத்தம் போட்டார்.

ஜுனைதா அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்ட பாடு முடிஞ்சி" என்றான் ஜவுபர். "இனி வேலிக்கு ரெண்டு பக்கமும் கதைதான்."

"வேலியா?" என்றாள் கமீலா. "அது ஆரு போடப்போற?"